சமாதி வேண்டாம் என்றவரின் ஊர்

நாந்தேடில் உயிர் பிரிவதற்கு முன் குரு கோவிந்த் சிங் தன் சீடர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னதாக சீக்கியர்களிடையே ஒரு கதை உண்டு. தன் சாம்பலின் மேல் யாரும் நினைவிடம் எழுப்பக் கூடாது. மீறி எழுப்புகிறவனின் வம்சம் விளங்காது. ஏறக்குறைய 125 ஆண்டுகள் கழித்து, பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்கின் காதுக்கும் இது எட்டியதாம். எட்டிய பிறகும் கட்டினார் என்கிறார்கள். 1832இல் தொடங்கிய வேலை 1837இல் முடிந்தது. 1839இல் மகாராஜா இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய மகன்களும் பேரனும் அரண்மனைச் சதிகளில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். 1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கடைசி மகன் துலீப் சிங் சிறுவனாக மதம் மாறி, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1893இல் பாரீஸில் செத்துப்போனார். அவர் பிள்ளைகளோடு அந்தக் கொடி அறுந்தது.

சாபக் கதைகள் விளைவு தெரிந்த பிறகுதான் வடிவம் பெறும். ஒரு பேரரசு சரிய ஆங்கிலேயரின் பீரங்கியும் லாகூர் தர்பாரின் உட்பகையும் போதும். குருவின் வாக்கு தேவையில்லை. ஆனாலும் இந்தக் கதையை என்னால் உதற முடியவில்லை. வேண்டாம் என்றவருக்கும் காரணம் இருக்கிறது, கட்டியவருக்கும் காரணம் இருக்கிறது. இரண்டில் எது பெரிய பக்தி என்று கேட்டால் நாந்தேட் முழுவதும் சுற்றினாலும் விடை கிடைக்காது. நான் சுற்றியது அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சீக்கிய மதத்தின் ஐந்து தக்துகளில், அதாவது அதிகார பீடங்களில், மூன்று பஞ்சாபில் இருக்கின்றன: அமிர்தசரஸ், ஆனந்த்பூர், தல்வண்டி சாபோ. மற்ற இரண்டும் வெளியே. பாட்னா, குரு கோவிந்த் சிங் 1666இல் பிறந்த இடம். நாந்தேட், 1708இல் அவர் மறைந்த இடம். பிறப்பும் இறப்பும் பஞ்சாபில் நிகழாத ஒருவர்தான் பஞ்சாபின் முகத்தையே மாற்றினார்: தாடி, தலைப்பாகை, இடுப்பில் கிர்பான், பெயருக்குப் பின் சிங்.

அவர் கோதாவரிக் கரைக்கு வந்த வழி நேரானதல்ல. ஒன்பது வயதில் தந்தை தேக் பகதூரின் தலை டெல்லி சாந்தினி சௌக்கில் வெட்டப்பட்டது. 1699இல் ஆனந்த்பூரில் கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தோற்றுவித்தார். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நான்கு பிள்ளைகளையும் இழந்தார். மூத்தவர் இருவர் சம்கௌர் போரில் விழுந்தார்கள். இளையவர் இருவரும் சிறுபிள்ளைகள். சிர்ஹிந்தின் ஃபௌஜ்தார் வசீர் கான் அவர்களை உயிரோடு சுவர் வைத்து மூடினான். இதற்குப் பிறகு அவர் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் ஒரு கவிதைக் கடிதம் எழுதினார். ‘ஜஃபர்நாமா’, வெற்றிக் கடிதம். எல்லாவற்றையும் இழந்த மனிதர் வைத்த தலைப்பு அது. கடிதம் படித்த பாதுஷா சந்திக்க அழைத்ததாகவும், வழியிலேயே மரணச் செய்தி வந்ததாகவும் சொல்வார்கள். 1707இல் ஔரங்கசீப் அகமத்நகரில் இறந்தார். தக்காணத்தைப் பிடிக்க வந்து கால் நூற்றாண்டு பாசறையில் கழித்த கிழவர் தக்காணத்திலேயே அடங்கினார். அடுத்த ஆண்டு, அவரால் தந்தையை இழந்தவரும் அதே தக்காணத்தில் அடங்கினார். இந்தப் பொருத்தம் ஒரு வரலாற்று நாவலில் வந்திருந்தால் ஆசிரியர் வலிந்து செய்தது என்று ஒதுக்கியிருப்பேன்.

புதிய பாதுஷா பகதூர் ஷாவோடு குரு ஏன் தெற்கே வந்தார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சண்டை. வசீர் கானுக்குத் தண்டனை கிடைக்கும் என்று நம்பி வந்தார் என்பது ஒரு கட்சி. பாதுஷா நழுவிக்கொண்டே இருந்தார். தம்பி காம் பக்ஷை ஒடுக்க ஹைதராபாத் போகும் அவசரம் அவருக்கு. குரு நாந்தேடில் தங்கிவிட்டார். அங்கே ஆற்றோரம் மடம் வைத்திருந்த மாதவ தாஸ் என்ற பைராகியைச் சந்தித்தார். அந்தத் துறவியைப் பந்தா சிங்காக்கி, தன் அம்புகளைக் கொடுத்து வடக்கே அனுப்பினார். இரண்டே ஆண்டில், 1710இல், சிர்ஹிந்த் வீழ்ந்தது. வசீர் கான் களத்தில் மடிந்தான். குரு அதைப் பார்க்கவில்லை. வசீர் கான் அனுப்பியதாகச் சொல்லப்படும் பட்டாணியன் ஒருவன் அதற்கு முன்பே நாந்தேடுக்கு வந்து, ஓய்வில் இருந்தவரைக் கத்தியால் குத்திவிட்டான். பாதுஷா அனுப்பிய மருத்துவர் காயத்தைத் தைத்தார். தையல் ஆறுவதற்குள் கனத்த வில் ஒன்றை நாணேற்றி இழுத்தபோது காயம் பிளந்துகொண்டது. 1708 அக்டோபர் 7. வயது 41.

அந்த வில்தான் எனக்கு விளங்காதது. நோயாளி வில்லை ஏன் எடுத்தார்? படுத்தே கிடந்த வீரனின் பொறுமையின்மையா, கூட இருந்தவர்களுக்குத் தெம்பு காட்டவா? கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

இறப்பதற்கு முன் அவர் செய்ததுதான் நாந்தேடை நாந்தேடாக்கியது. சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தின் முன் ஐந்து காசும் ஒரு தேங்காயும் வைத்து வணங்கி, இனி இதுவே குரு என்றார். முதல் குருவான நானக் தன் வாரிசுக்குச் செய்த அதே சடங்கு, இம்முறை ஒரு புத்தகத்துக்கு. பத்துப் பேரோடு மனித குரு என்ற ஏற்பாடு முடிந்தது. பிள்ளைகள் யாரும் மிஞ்சவில்லை, ஆகவே வேறு வழியில்லை என்று இதை எளிதாக விளக்கிவிடலாம். எனக்கு அது போதவில்லை. பிள்ளையில்லாத மடாதிபதிகள் சீடனை அமர்த்திவிட்டுப் போவது இந்த நாட்டில் எத்தனையோ நூற்றாண்டு வழக்கம். அருகிலேயே தயா சிங்கும் தரம் சிங்கும் இருந்தார்கள். கால்சாவின் முதல் ஐவரில் எஞ்சிய அந்த இருவரில் ஒருவரைக் கைகாட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. ஆளை நம்பி வளர்ந்த சமூகம் ஆளோடு சரியும் என்பதைத் தன் குடும்பத்திலேயே பார்த்தவர் அவர்.

அவர் புத்தகத்திடம் ஒப்படைத்த ஊரில் இன்று பார்க்கக் கிடைப்பது என்ன?

மராத்வாடாவின் வெயில் ஊர் நாந்தேட். ஹைதராபாத்திலிருந்து இரவு ரயிலில் வந்தால் காலையில் இறங்கலாம். ரயில் நிலையத்துக்கு வெளியே மராத்திப் பலகைகளுக்கு நடுவே குர்முகி எழுத்து தலைகாட்டுகிறது. ஆட்டோக்காரர்கள் பஞ்சாபி பேசுகிறார்கள். உண்மையில் பஞ்சாபி தெரிந்த மராட்டியர்கள். 2008இல், கிரந்தம் குரு பீடம் ஏறியதன் முந்நூறாம் ஆண்டு விழாவுக்காக ஊரையே உடைத்துக் கட்டினார்கள். அகலச் சாலை, விமான நிலையம், குருத்வாராவைச் சுற்றிப் பரந்த பளிங்குத் தரை. நெருக்கடியான பழைய தெருக்கள் சில அதில் போய்விட்டன. அமிர்தசரஸைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள தக்தான சச்கண்ட் சாகிப் ஏமாற்றமாக இருக்கலாம். பொற்கோயிலுக்கு நீர் துணை. கட்டடத்தின் பாதி அழகைக் குளம் பார்த்துக்கொள்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வெள்ளை இரண்டடுக்கு, மேலே தங்கக் கும்மட்டம். பகலில் கண்ணைக் கூசச் செய்கிறது.

செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் டோக்கன் தந்த பெரியவரின் கையில் விலையுயர்ந்த கடிகாரம். லூதியானாவில் தொழிற்சாலை வைத்திருப்பவராக இருக்கலாம், கனடாவில் லாரி ஓட்டுபவராகவும் இருக்கலாம். அடுத்தவர் செருப்பைத் துடைத்து வைப்பதை ஒரு வேண்டுதலாக ஏற்று வந்தவர். தலையில் கட்டிக்கொள்ள ஒரு ஆரஞ்சுத் துணி. கால் கழுவும் ஆழமற்ற நீர்த்தடம். அவ்வளவுதான் நுழைவுச் சடங்கு. எந்த ஊர், என்ன சாதி, எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதி, கொஞ்சம் கூச்சமும். வேண்டுதல் இல்லாமல் வந்திருக்கும் ஒருவன், வேண்டுதலுக்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவர்களின் வரிசையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறான்.

உள்ளே மற்ற குருத்வாராக்களிலிருந்து நாந்தேட் பிரிகிறது. குருவின் சிதை எரிந்த இடத்தின் மேல் கருவறை. அங்கீட்டா சாகிப் என்கிறார்கள். தலைமைப் பூசகர் தவிர வேறு யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. அவர் மணம் செய்துகொள்ளாதவராக இருக்க வேண்டும் என்பது இவ்விடத்து வழக்கம். உள்ளே குருவின் ஆயுதங்கள்: வாள்கள், வில், அம்புகள், கேடயம். முன்கூடத்தில் கிரந்தம். இங்கே அதன் பக்கத்தில், குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் தசம கிரந்தமும் உண்டு. பின்னிரவில் ஒரு சேவகர் கோதாவரிக்கு வெறுங்காலோடு நடந்து போய்க் குடத்தில் நீர் சுமந்து வருகிறார். அந்த நீரால்தான் தக்து கழுவப்படுகிறது. மாலையில் தட்டில் விளக்கேற்றி ஆரத்தி. அது முடிந்ததும் பூசகர் ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, கூட்டம் குரலெழுப்புகிறது. தசராவில் ஆடு வெட்டுவதும் உண்டு. குருவின் குதிரையின் வழிவந்தவை என்று லாயத்தில் குதிரைகளை வளர்க்கிறார்கள். திருவிழா ஊர்வலத்தில் அலங்கரித்த குதிரை முதுகில் யாருமில்லாமல் வரும்.

அமிர்தசரஸின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்ற நடத்தை விதிகளில், விளக்கேற்றி ஆரத்தி காட்டுவது குருநெறிக்குப் புறம்பானது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நாந்தேட் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே நடப்பதுதான் பழைய முறை, சீர்திருத்தக்காரர்கள் பஞ்சாபில் துடைத்தழித்தது இங்கே தப்பித்தது என்பது உள்ளூர்க்காரர்களின் வாதம். ஹிந்து வழக்கங்கள் ஒட்டிக்கொண்டன என்பது எதிர்வாதம். எனக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் பார்த்ததை வைத்து ஒன்று சொல்லலாம். ஆளே இனி வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்ட இடத்தில்தான் அந்த ஆள் தொட்ட ஒவ்வொன்றையும் இறுகப் பிடித்திருக்கிறார்கள். வாள், வில், குதிரை, சாம்பல் இருந்த தரை. சிதையைச் சுற்றிக் கூடாரத் துணி கட்டச் சொன்னார், பிறகு சாம்பலைக் கிளறினால் ஒரு சிறிய கிர்பான் மட்டுமே இருந்தது, அவர் குதிரையேறிப் போய்விட்டார் என்று ஒரு பாட்டி கையை வீசி விவரித்தார். அவர் சொன்னது மரபில் நெடுநாளாக உலவும் கதைதான். பாட்டிக்கு அது போன வாரம் நடந்தது போலிருந்தது.

கிரந்தத்தின் முன் எல்லோரையும் போல நானும் நெற்றியைத் தரையில் வைத்தேன். சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்த புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்ற வீட்டில் வளர்ந்தவனுக்குப் புத்தகத்தை வணங்குவது புதிதல்ல. இங்கே வணங்குவது படித்துக்கொண்டே இருப்பது. விடியலில் பட்டுத் துணியை விலக்கித் திறக்கிறார்கள், இரவில் மூடி உறங்க வைக்கிறார்கள். இடையில் யாரோ ஒருவர் சாமரம் வீச, யாரோ ஒருவர் வாசித்தபடியோ பாடியபடியோ இருக்கிறார்கள். 1430 பக்கங்களையும் இடைவெளியில்லாமல் முறைவைத்து வாசித்து முடிக்கும் அகண்ட பாடத்துக்கு ஏறத்தாழ 48 மணி நேரம்.

இந்தப் புத்தகத்தைக் குருவாக்கியவர் சாதாரணக் கவிஞர் அல்ல. பிரஜ், பாரசீகம், பஞ்சாபி மூன்றிலும் எழுதியவர். ஆனந்த்பூரில் கவிஞர் கூட்டத்தையே வைத்துப் போஷித்தவர். தந்தை தேக் பகதூரின் பாடல்களைக் கிரந்தத்தில் சேர்த்தவர், தன் பாடல்களைச் சேர்க்கவில்லை. அவர் பெயரில் வழங்கும் கவிதைகள் தசம கிரந்தம் என்று தனியாகத் தொகுக்கப்பட்டதெல்லாம் அவர் மறைந்த பிறகுதான். அதில் எது அவருடையது என்ற தகராறு ஓயவில்லை. நாந்தேடில் அந்த இரண்டாவது நூலைக் கொண்டுவந்து முதல் நூலின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் தன்னை விலக்கிக்கொண்ட இடத்திலெல்லாம் இவர்கள் அவரைத் திரும்ப அழைத்து உட்கார வைக்கிறார்கள். எழுதுகிற எவனுக்கும் இது உறைக்க வேண்டும். தன் எழுத்தை நிரந்தரமான ஒன்றில் சேர்க்கும் அதிகாரம் கையில் இருந்தும் சேர்க்காமல் விட்ட கவிஞர் வேறு யாரையும் எனக்கு நினைவில்லை.

இந்தப் பிடிவாதக்காரர்கள் யார் என்று தெரிந்துகொள்ள லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுப்பந்தியில், உட்கார்ந்தால் போதும். எனக்கு அடுத்த இலைக்காரர் நீலத் தலைப்பாகையும் வெண்தாடியுமாகப் பஞ்சாபிலிருந்து வந்தவர் போலத் தெரிந்தார். பரிமாற வந்த பையனிடம் மராத்தியில் இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டார். என்னிடம் ஹைதராபாத் உருதுவில் பேசினார். தக்கணி சீக்கியர். ரஞ்சித் சிங்கின் காலத்தில் நிஜாமுக்கு உதவியாக லாகூரிலிருந்து அனுப்பப்பட்ட படையின் வாரிசு. அப்போது ஹைதராபாத்தில் அதிகாரம் செலுத்திய சந்து லால், நானக்கை வழிபடும் கத்ரி குடும்பத்தவர். அந்தப் படை வந்ததில் அவருக்குப் பங்குண்டு. படை திரும்பவில்லை. இங்கேயே பெண் எடுத்து, நிலம் வாங்கி, ஆறேழு தலைமுறையாகத் தக்காணத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். “பஞ்சாபிலிருந்து வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, நீங்களும் சர்தாரா என்று கேட்பார்கள்” என்று சொல்லிச் சிரித்தார். “குரு யாரிடம் வந்து சேர்ந்தார் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.”

கோதாவரிக் கரையில் குருத்வாராக்கள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகின்றன. நான் ஹீரா காட்டில் மட்டும் சற்று நின்றேன். பாதுஷா பரிசளித்த வைரத்தை குரு ஆற்றில் எறிந்துவிட்டாராம். பாதுஷா முகம் சுளித்ததும், இறங்கி உன்னுடையதை எடுத்துக்கொள் என்றாராம். ஆற்றடியில் அப்படிப்பட்ட கற்கள் குவியலாகக் கிடந்தன, எது தன்னுடையது என்று பாதுஷாவுக்குத் தெரியவில்லை. கதை கேட்டு முடித்து ஆற்றைப் பார்த்தால் பாலித்தீன் பைகள் மிதக்கின்றன.

லங்கர் சாகிப் வேறு விதம். பெரிய அண்டாக்களோடு எந்நேரமும் இயங்கும் இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து இங்கே சேவை செய்ய வந்த நிதான் சிங், மனம் வெறுத்து ஊர் திரும்பிவிடத் தீர்மானித்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்டாராம். அங்கே குரு தோன்றி, பையிலிருந்து கொடுப்பது என் பொறுப்பு, பரிமாறுவது உன் கை என்ற பொருளில் சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பது கதை. ரயிலேறாமல் திரும்பியவர் ஆரம்பித்த அடுப்பு அது. மேடையேறி உபதேசம் செய்யும் குரு அல்ல அவர்; ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிய ஆளை ரயில் நிலையத்தில் வந்து வழிமறிக்கும் குரு. ரொட்டி தேய்க்கும் வரிசையில் என்னையும் உட்கார வைத்தார்கள். என் ரொட்டிகள் இந்திய வரைபடத்தின் பல மாநிலங்களை நினைவூட்டின. பக்கத்திலிருந்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்து மறுபடி உருட்டி வட்டமாக்கி அடுக்கினார்.

நாந்தேட் வந்தவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பக்கத்து ஹிங்கோலி மாவட்டத்துக்கும் போக வேண்டும் என்பேன். நர்சி என்ற ஊர் அங்கே இருக்கிறது. நாமதேவரின் பிறந்த ஊராக வணங்கப்படுவது. தையல்காரச் சாதியில் பிறந்த வார்க்கரிக் கவிஞர். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுக்காரர். பண்டரிபுரத்து விட்டலனைப் பாடியவர் வடக்கே போய்ப் பஞ்சாபில் குமான் என்ற கிராமத்தில் நெடுங்காலம் இருந்தார் என்பது மரபு. 2015இல் அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டையே அந்தப் பஞ்சாப் கிராமத்தில் கூட்டினார்கள். அவருடைய 61 பாடல்கள் கிரந்தத்தில் இருக்கின்றன. குரு அர்ஜன் 1604இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது கபீர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் ஆகியோரோடு இவரையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாடல்களில் ஒன்று, கோயிலில் பாடிக்கொண்டிருந்தவரை சாதி சொல்லிப் பிடித்து வெளியேற்றியதையும், அவர் பின்புறம் போய் உட்கார்ந்ததும் கோயிலே அவர் பக்கம் திரும்பிக்கொண்டதையும் சொல்கிறது.

அந்தக் கோயில் இதுதான் என்று அதே மாவட்டத்தில் அவுண்டா நாகநாத்தைக் காட்டுகிறார்கள். நாந்தேடிலிருந்து ஒரு முற்பகலில் போய்ச் சேரும் தூரம். கருங்கல் கோயில், அடிப்பகுதி முழுக்கச் சிற்பம். மற்ற சிவன் கோயில்களில் வாசலுக்கு எதிரே இருக்கும் நந்தி இங்கே பின்புறம் இருக்கிறது. கோயில் திரும்பியதற்கு அதுவே சாட்சி என்கிறார்கள். சிற்பக்கலை அறிந்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த மண்ணில் விரட்டப்பட்ட ஒருவரின் பாட்டு அவரோடு பஞ்சாபுக்கு நடந்து போய், அங்கே ஒரு புத்தகத்துக்குள் ஏறி, நூறு ஆண்டு கழித்து அந்தப் புத்தகத்தோடு தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அந்தப் புத்தகம் இங்கேதான் குருவாகிறது. நாந்தேடைத் தேர்ந்தெடுத்தபோது குருவுக்கு இது மனதில் இருந்ததா என்றெல்லாம் ஆராய்வது வீண். அவர் அந்தப் பாடல்களை அறிந்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

நர்சியில் ஒரு குருத்வாரா உண்டு. யாத்திரைப் பேருந்துகள் சில அங்கே நிற்கும். அவுண்டாவுக்குத் தலைப்பாகைக்காரர்கள் அதிகம் வருவதில்லை என்றார் என்னை அழைத்துப்போன ஓட்டுநர். சிவன் கோயிலில் அவர்களுக்கு என்ன வேலை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அமிர்தசரஸுக்கும் நாந்தேடுக்கும் இடையே ஓடும் சச்கண்ட் எக்ஸ்பிரஸில் வருபவர்களுக்கு வழியில் சில நிலையங்களில் பெட்டிக்கே வந்து சாப்பாடு கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் வருகிறவர்களிடம் இந்த நந்தியைப் பற்றியும் யாராவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்.